ஈயச் சிப்பாய்களில் வெள்ளைப் பொடி: தேய்க்காதீர்கள், இடத்தை மாற்றுங்கள்

கேரளத்தின் வண்டிப்பெரியாற்றில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்:

"என் தாத்தா பீர்மேடு பக்கம் ஒரு டீ எஸ்டேட் பங்களாவில் பட்லராக இருந்தார். 1950களில் துரை குடும்பம் ஊருக்குத் திரும்பியபோது, பிள்ளைகள் விளையாடிய ஈயச் சிப்பாய் பொம்மைகளை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். இத்தனை வருஷமும் பிஸ்கட் டப்பாவிலேயே கிடந்தன. புது வீட்டில் ஆசையாகப் பிளைவுட் ஷோகேஸ் செய்து அடுக்கினோம். இரண்டு மழைக்காலம் முடிவதற்குள் வெள்ளையாகப் பொடி கிளம்பிவிட்டது. புளி போட்டுத் தேய்க்கலாமா? சிலவற்றின் அடியில் 1905 என்று பொறித்திருக்கிறது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் வாங்குவார்களா? வீட்டில் நாலு வயதுப் பையன் இருக்கிறான், அவனும் எடுத்து விளையாடுவான்."

பையனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கே அந்தப் பொம்மைகளை அவன் கைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். அந்த வெள்ளைப் பொடி ஈயத்தின் உப்பு. வயிற்றுக்குள் போனால் விஷம். பழைய பெயின்டிலும் ஈயம் இருக்கும். சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். வெளியே எந்த அறிகுறியும் தெரியாமலே பாதிக்கும். அவன் வாயில் வைத்திருக்கக்கூடும் என்று தோன்றினால் குழந்தை மருத்துவரிடம் விஷயத்தைச் சொல்லி, ரத்தத்தில் ஈய அளவு பார்க்கும் சோதனை எடுத்துவிடுங்கள். ஷோகேஸ் இருக்கும் அறையைத் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

சரி, டப்பாவில் பல வருஷம் நன்றாக இருந்தவை ஷோகேஸில் ஏன் கெட்டன? குற்றவாளி ஷோகேஸ்தான். மரமும் அதை ஒட்டும் பசையும் அசிட்டிக், ஃபார்மிக் அமிலங்களின் ஆவியை மெல்ல வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். புதுப் பிளைவுட்டில் இது அதிகம். கண்ணாடிக் கதவை மூடிவிட்டால் ஆவி உள்ளேயே தங்கும். அதோடு இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையின் ஈரமும் சேர்ந்தால் ஈயம் அரிக்க ஆரம்பிக்கும். காற்றில் இருக்கும் கரியமில வாயு அதை ஈயக் கார்பனேட்டாக மாற்றும். இதில் மோசமான சங்கதி ஒன்று உண்டு: இந்த மாற்றத்தில் அமிலம் செலவாகித் தீர்ந்துவிடாது, திரும்ப விடுபட்டு அடுத்த இடத்தைத் தின்னும். பழைய காலத்தில் பெயின்டுக்கான வெள்ளை ஈயத்தை இப்படித்தான், காடியின் ஆவியில் ஈயத் தகடுகளை வைத்துத் தயாரித்தார்கள். உங்கள் வீட்டு ஷோகேஸ் அதே வேலையைச் சின்ன அளவில் செய்திருக்கிறது. தகர டப்பா எந்த ஆவியையும் விடாது. தாத்தா தெரிந்து வைத்தாரோ தெரியாமல் வைத்தாரோ, சரியான இடத்தில்தான் வைத்திருந்தார்.

ஆகவே புளி கூடவே கூடாது. பித்தளை விளக்குக்குப் புளி சரி, ஈயத்துக்கு அது இன்னொரு அமிலம். எலுமிச்சை, வினிகர், விபூதி, பிரஷ் போட்டுச் சோப்பு, எதுவும் வேண்டாம். மெட்டல் பாலிஷ் போட்டால் பெயின்டும் சேர்ந்து போய்விடும்.

செய்ய வேண்டியது இதுதான். மழை இல்லாத ஒரு நாள், காற்று அடிக்காத வராந்தாவில் ஈரமான செய்தித்தாளை விரித்துக்கொள்ளுங்கள். கையுறை, என்95 மாஸ்க் இரண்டும் அவசியம். மிருதுவான ஓவிய பிரஷ்ஷால் உதிரும் பொடியை மட்டும் அந்த ஈரத்தாளில் விழத் தட்டிவிடுங்கள். ஒட்டிக்கொண்டிருப்பதைச் சுரண்ட வேண்டாம், பெயின்டு கையோடு வந்துவிடும். முடிந்ததும் தாளைச் சுருட்டிக் கவரில் கட்டிக் குப்பைக்குக் கொடுங்கள். கீரைப் பாத்திப் பக்கம் கொட்டிவிடாதீர்கள். எரிக்கவும் கூடாது.

அப்புறம், காற்றுப் புகாத பாலிபுரொப்பிலீன் டப்பா வாங்குங்கள். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று எண் இருக்கும். பிவிசி கவர், ஸ்பாஞ்சு, செய்தித்தாள் மூன்றும் ஆகாது. அமிலம் இல்லாத டிஷ்யூ பேப்பரில் ஒவ்வொன்றாகச் சுற்றி வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போடுங்கள். உங்கள் ஊர் ஈரத்துக்கு அது இல்லாமல் முடியாது. சின்ன ஈரமானி ஒன்றையும் உள்ளே வைத்து 50 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஜெல் நிறம் மாறினால் புதிது போடுங்கள். பொடி அதிகம் கிளம்பியவற்றைத் தனி டப்பாவில் வையுங்கள். கால், துப்பாக்கி, குதிரையின் கணுக்கால் போன்ற மெல்லிய இடங்களைத்தான் அரிப்பு முதலில் முறிக்கும். எடுக்கும்போது உடம்பைப் பிடித்து எடுங்கள்.

இனி அந்த 1905. அது தயாரித்த வருஷம் இல்லை. லண்டனில் இருந்த பிரிட்டன்ஸ் என்ற பொம்மைக் கம்பெனி 1893இல் உள்ளீடற்ற வார்ப்பு முறையைக் கொண்டுவந்தது. உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றி, ஓரம் இறுகியதும் நடுவில் இருப்பதைக் கவிழ்த்துக் கொட்டிவிடுவார்கள். உலோகமும் மிச்சம், எடையும் குறைவு. அதுவரை சந்தையை ஆண்ட ஜெர்மன் பொம்மைகளை அது விலையில் அடித்துவிட்டது. மற்ற கம்பெனிகள் அச்சைக் காப்பியடிக்க ஆரம்பித்ததால், பதிப்புரிமை பெற்ற தேதியைப் பொம்மையிலேயே பொறித்தார்கள். அதே அச்சில் பல வருஷம் கழித்தும் வார்த்தார்கள். 1905 என்று போட்ட சிப்பாய் அதற்குப் பின்னால் பிறந்திருக்கலாம். பீடம் நீள்வட்டமாக இருந்தால் பழையது, செவ்வகமாக இருந்தால் பிந்தியது. ஈயத்தில் செய்வதை அந்தக் கம்பெனி 1966இல் நிறுத்திவிட்டது. பொறிப்பே இல்லாதவை வேறு கம்பெனிகளின் பொம்மைகளாக இருக்கலாம். லண்டனிலேயே ஜான் ஹில் போன்ற போட்டியாளர்கள் இருந்தார்கள்.

வாங்குவார்களா என்றால், கட்டாயம் வாங்குவார்கள். இங்கிலாந்து, அமெரிக்கா, ஜெர்மனி, பிரான்ஸ், ஆஸ்திரேலியா என்று பரந்திருக்கும் கூட்டம் அது. பிரிட்டிஷ் மாடல் சோல்ஜர் சொசைட்டி 1935இல் தொடங்கியது. ஜெர்மனியின் குல்ம்பாக் கோட்டையில் வெள்ளீயப் பொம்மைகளுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. இவர்கள் முதலில் கேட்பது "பெயின்டு பழையதா?" என்றுதான். மங்கி உரிந்த அசல் பெயின்டை மதிப்பார்கள். பளபளவென்று திரும்ப அடித்ததைக் கண்டால் நகர்ந்துவிடுவார்கள். ஆகவே தம்பியோ மாமாவோ டச்சப் பண்ணித் தருகிறேன் என்றால் கொடுக்காதீர்கள். அடுத்த கேள்வி பெட்டி. சிவப்பு அட்டைப் பெட்டி ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று பரணில் தேடிப் பாருங்கள். காலாட்படை என்றால் வழக்கமாக எட்டுப் பேர், குதிரைப்படை என்றால் ஐந்து பேர் ஒரு பெட்டியில் வந்தார்கள். பெட்டி கிடைத்தால் விலையே வேறு. ஆனால் அந்த அட்டையும் அமிலம்தான், பொம்மையை அதற்குள் திரும்ப வைக்காமல் தனியாக வையுங்கள்.

விலை கேட்பதற்கு முன்னால் அடையாளம் கேளுங்கள். பகல் வெளிச்சத்தில் முன், பின், அடிப்பக்கம் மூன்றையும் ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். பொடி இருப்பதை மறைக்காதீர்கள். அரிப்பு ஒரு டப்பாவில் மற்றவற்றையும் கெடுக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். மறைத்து விற்றவரிடம் இன்னொரு முறை வாங்க மாட்டார்கள்.

தலைப்பாகை கட்டிய ஈட்டி வீரர்கள் ஏதாவது இருந்தால் அவற்றை மட்டும் அவசரப்பட்டு விற்க வேண்டாம். பிரிட்டன்ஸ் வங்காளப் படைகளோடு மதராஸ் குதிரைப்படையையும் மதராஸ் காலாட்படையையும் செய்தது. நம் பக்கத்துப் பட்டாளம் லண்டனில் வார்க்கப்பட்டு, துரை வீட்டுப் பிள்ளைகளோடு பீர்மேடு மலையேறி, உங்கள் தாத்தா கைக்கு வந்திருக்கக்கூடும். அது உங்கள் வீட்டிலேயே இருப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

விற்பதை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது ஒரு சட்டம் குறுக்கே வரும். 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருஷம் கடந்த கலை, கைவினைப் பொருள்களைத் தனியார் நாட்டை விட்டு அனுப்பக் கூடாது. உங்கள் பொம்மை அவ்வளவு பழையதாக இல்லாவிட்டாலும், அடியில் 1905 என்று பார்க்கும் சுங்க அதிகாரி நிறுத்தி வைக்க இடம் உண்டு. பார்சல் கட்டுவதற்கு முன்பே இந்தியத் தொல்லியல் துறையிடம் இது தொல்பொருள் இல்லை என்ற சான்றிதழ் கேளுங்கள். கேரளத்துக்கான அதன் வட்ட அலுவலகம் திருச்சூரில் இருக்கிறது. உண்மையிலேயே நூறு வருஷம் தாண்டியது என்று அவர்கள் சொன்னால், அந்த உருப்படிக்கு இந்தியாவுக்குள்ளேயே ஆள் பார்க்க வேண்டியதுதான்.