கை மூட்டு ஸ்கேன்: இந்தத் தடவை வந்த கேள்விகள்

இந்தத் தடவை வந்ததுல பாதிக்கு மேல கைவிரல் வீக்கம், ஸ்கேன், ரிப்போர்ட்டுன்னே இருக்கு, அதனால மத்ததை ஒதுக்கி வச்சுட்டு இதையே எடுத்துக்கிட்டேன். ஸ்கேன்னு இங்க சொல்றது அல்ட்ராசவுண்டு ஸ்கேனை. எழுதுறவங்க வயசு, எத்தனை நாளா வீக்கம், காலைல விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கு, என்னென்ன மாத்திரை, இந்த நாலையும் எழுதுங்கன்னு ஒவ்வொரு தடவையும் கேக்குறேன். ரொம்ப கொஞ்சம் பேர்தான் எழுதுறீங்க.

எக்ஸ்ரே நார்மல்னு வந்துருச்சு, இப்ப ஸ்கேனும் எடுக்கச் சொல்றாங்க. தேவையா டாக்டர்? (மண்டபம்)

தேவைதான். எக்ஸ்ரேல எலும்புதான் தெரியும், ஆனா ருமட்டாய்டு, அதாவது சரவாங்கி, ஆரம்பிக்கிறது மூட்டுக்குள்ள இருக்கிற சவ்வுல, அந்த சவ்வு தடிச்சு நீர் கோத்து மாசக்கணக்குல போனப்புறம்தான் பக்கத்து எலும்பை அரிக்கும், அந்த அரிப்பும் நல்லா பெருசானாத்தான் எக்ஸ்ரேல சிக்கும். 2000-ல இங்கிலாந்து லீட்ஸ்ல 100 ருமட்டாய்டு நோயாளிங்களோட விரல் முட்டியை ரெண்டு விதமாவும் பாத்தாங்க, எக்ஸ்ரேல அரிப்பு தெரிஞ்சது 17 பேருக்கு, ஸ்கேன்ல 56 பேருக்கு. உங்க எக்ஸ்ரேயைத் தூக்கிப் போட்டுறாதீங்க, ரெண்டு வருஷம் கழிச்சு ஒப்பிட்டுப் பாக்க அதுதான் வேணும்.

ரத்தத்துல ஆர்.ஏ. ஃபேக்டர் டெஸ்ட் நெகட்டிவ். அப்ப சரவாங்கி இல்லைன்னு விட்டுறலாமா? (சாயல்குடி)

விடக்கூடாது. ருமட்டாய்டு இருக்கிறவங்கள்ல நாலுல ஒருத்தருக்கு அது நெகட்டிவாத்தான் இருக்கும். வீக்கம் ஆறு வாரம் தாண்டிருச்சுன்னா மூட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க.

அம்மாவுக்கு ரெண்டு கையும் வீங்குது, கணவாய் கம்பெனில வேலை. ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லைன்னு சொல்லிட்டாங்க, பத்து நாள்ல மறுபடி வீங்கிருச்சு. ஸ்கேனை நம்பலாமா? (தங்கச்சிமடம்)

தம்பி, நீங்க ரெண்டு பக்கம் எழுதியிருக்கீங்க, ஆனா ஸ்கேனுக்கு முன்னாடி அம்மா ஊசி போட்டாங்களா, மாத்திரை என்ன சாப்பிட்டாங்கன்னு ஒரு வரி இல்ல. நம்ம கடற்கரைல எனக்கு இருக்கிற பெரிய வேதனையே இதுதான். வலிக்குதுன்னு போனா ஒரு ஊசி, பேர் எழுதாத ஒரு பொட்டலம் மாத்திரை, அதுல பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். ரெண்டே நாள்ல கை லேசாகிரும், வேலைக்குப் போயிருவாங்க. ஒரு நாள் கூலி போனா அடுப்பு எரியாதுங்கிறது எனக்கும் தெரியும், அவங்களை நான் குறை சொல்லல. ஆனா அந்த மருந்து உள்ள இருக்கிறப்ப ஸ்கேன் எடுத்தா சவ்வு வீக்கம் வத்திப் போய், டாப்ளர்ல (ரத்த ஓட்டத்தை ஸ்கேன்லயே கலரா காட்டுறது) ஒரு புள்ளி கலர் இல்லாம, பாக்குறதுக்கு ஆரோக்கியமான மூட்டு மாதிரியே இருக்கும். உடம்புல மெதுவா கரையுற டிப்போ ஊசின்னா சில வாரத்துக்கு இப்படி மறைக்கும்.

பாசி எடுக்கப் போற ஒரு அம்மா வந்தாங்க என்கிட்ட. ஸ்கேன் சுத்தம், நானும் பயப்படாதீங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன். ஊசி போட்டீங்களான்னு அன்னைக்கு நான் கேக்கல. ஏழெட்டு மாசம் கழிச்சு வந்தப்ப ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சுண்டுவிரல் பக்கமாச் சாஞ்சு போயிருந்துச்சு, சிப்பி மூடியைக் கூட திறக்க முடியலைன்னு கையை நீட்டிக் காட்டினாங்க. அந்தக் கை இன்னும் என் கண்ணுக்குள்ளயே இருக்கு. அன்னைலேர்ந்து யார் வந்தாலும் முதல்ல மாத்திரை அட்டையைக் காட்டுங்கன்னுதான் கேக்குறேன், அட்டை இல்லைன்னா பொட்டலத்தையாவது கொண்டு வாங்க. இதைப் படிச்சுட்டு ரொம்ப நாளா ஸ்டீராய்டு சாப்பிடுறவங்க ஸ்கேனுக்காக திடீர்னு நிறுத்திறாதீங்க, அது உயிருக்கே ஆபத்து. நிறுத்த வேண்டாம், சொன்னா போதும்.

உங்க அம்மா விஷயத்துல இன்னொண்ணும் இருக்கு. ஐஸ்ல நாலு மணி நேரம் கணவாய் சுத்தம் பண்ணிட்டு நேரா போய் ஸ்கேனுக்குப் படுத்தா, குளிர்ந்த கைல ரத்த ஓட்டம் சுருங்கியிருக்கும், டாப்ளர்ல கலர் குறைச்சலாத்தான் தெரியும். லீவு நாள்ல போங்க, அரை மணி நேரமாவது கை சாதாரண சூட்டுக்கு வரட்டும். ஸ்கேன் எடுக்கிறவரும் ப்ரோபை, அதாவது கை மேல வைக்கிற கருவியை, அழுத்திப் பிடிக்கக் கூடாது, ஜெல்லை நிறைய போட்டு அது மேல மிதக்கிற மாதிரி வைக்கணும், கொஞ்சம் அழுத்தினாலும் அந்தச் சின்ன ரத்தக்குழாய் நசுங்கி கலர் மறைஞ்சு போயிரும். வயித்துக்கு வைக்கிற ப்ரோபால விரலைப் பாத்து ஒரு பிரயோஜனமும் இல்ல, 15 மெகாஹெர்ட்ஸ் பக்கத்துல இருக்கிற ப்ரோப் வேணும். ரிப்போர்ட்ல எந்த மூட்டு, சவ்வு தடிப்பு 0-லேர்ந்து 3-க்குள்ள எத்தனை, டாப்ளர் எத்தனை, எலும்பு அரிப்பு உண்டா, தசைநார் உறை எப்படி இருக்கு, இவ்வளவும் இருக்கணும். "போத் ஹேண்ட்ஸ் நார்மல்"னு ஒத்தை வரி எழுதிக் குடுத்தா அதை வச்சு என்னால ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. மறுபடி எடுங்க, அட்டையோட போங்க.

ரிப்போர்ட் போட்டோ அனுப்பியிருக்கேன், என்னன்னு சொல்லுங்க. (ஊர் போடல)

போட்டோ மங்கல், பேர் இருக்கிற பக்கம் மட்டும் தெரியுது, வயசும் இல்ல, வீக்கம் எங்கன்னும் இல்ல. இதை வச்சு பதில் சொன்னா அது தப்பான வைத்தியம். "கிரேடு 1"ங்கிறது மட்டும் படிக்க முடிஞ்சுது. டாப்ளர் 0-ஆ இருந்து தடிப்பு மட்டும் 1-ன்னா நோயே இல்லாதவங்க கைலயும் அது சகஜம்.

அப்பா மீன்பிடித் தொழிலாளி, கெளுத்தி முள்ளு குத்தி ஆறிருச்சு, ஆனா ரெண்டு மாசமா அந்த ஒரு விரல் மட்டும் வீங்கியே இருக்கு. வாதத்துக்கு ஸ்கேன் எடுக்கவா? (தொண்டி)

ஸ்கேன் எடுங்க, ஆனா வாதம்னு முடிவு பண்ணிட்டுப் போகாதீங்க. ஸ்கேன்ல தசைநார் உறை தடிச்சு நீர் கோத்துத் தெரியும், ருமட்டாய்டுலயும் அதே படம்தான், ரெண்டையும் படத்தை மட்டும் வச்சுப் பிரிக்க முடியாது. முள்ளு குத்தின கதையை டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லணும், ஏன்னா மீன், கடல் தண்ணி வழியா வர்ற மைக்கோபாக்டீரியம் மரைனம்னு ஒரு கிருமி இருக்கு, காசநோய்க் கிருமியோட இனம், குத்தின காயம் ஆறினப்புறம் வாரக்கணக்குல மெதுவா வீங்க வைக்கும். அந்த உறையிலேர்ந்து கொஞ்சம் எடுத்து கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பாக்குற டெஸ்ட்டுக்கு, அனுப்பணும், லேப்ல சும்மா குடுத்தா போதாது, 30 டிகிரி பக்கத்துல வளர்க்கச் சொல்லணும், வழக்கமா வைக்கிற 37 டிகிரில அது சரியா வளராம நெகட்டிவ்னு வந்துரும். மாசக்கணக்குல மருந்து சாப்பிட்டா குணமாகும். அந்த விரல்ல யாரும் ஸ்டீராய்டு ஊசி போட விடாதீங்க, கிருமி பரவிரும். முள்ளு குத்தி ரெண்டு மூணு நாள்லயே காய்ச்சலோட விரல் சிவந்து மடக்க முடியாம வீங்கினா அது வேற கதை, ஸ்கேனுக்கெல்லாம் காத்திருக்காம அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிரணும்.

வாப்பாவுக்கு 62 வயசு, மணிக்கட்டு திடீர்னு வீங்கிருச்சு, யூரிக் ஆசிட் நார்மல். அப்ப கவுட் இல்லதானே? (கீழக்கரை)

வயசு எழுதினதுக்கு நன்றி. கவுட்டுங்கிறது யூரிக் ஆசிட் உப்பு மூட்டுல படியுற நோய், அந்த வலி உச்சத்துல இருக்கிறப்ப யூரிக் ஆசிட் நார்மலா காட்டலாம், அடங்கி ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி பாருங்க. ஸ்கேன்ல குருத்தெலும்பு மேல உப்புப் படிஞ்சு ரெட்டைக்கோடு மாதிரி தெரிஞ்சா கவுட், குருத்தெலும்புக்கு உள்ளயே வெள்ளைத் திட்டா தெரிஞ்சா கால்சியம் உப்பு, அந்த வயசுல மணிக்கட்டுல ரெண்டாவதும் வரும். ஊசி வச்சு நீர் எடுத்து மைக்ரோஸ்கோப்ல பாத்தா சந்தேகமே இருக்காது.

சிக்குன்குனியா வந்து நாலு மாசம், விரல் இன்னும் வீங்குது. இது அதனாலயா சரவாங்கியான்னு ஸ்கேன்ல பிரிச்சுச் சொல்ல முடியுமா? (பெரியபட்டினம்)

முடியாது. ரெண்டுலயும் சவ்வு தடிக்கும். சரவாங்கிக்கான ஆன்டி சிசிபி ரத்தப் பரிசோதனை பாத்துட்டு மூட்டு டாக்டர்கிட்ட போங்க.

எங்க ஊர் மருத்துவ முகாமுக்கு ஸ்கேன் மெஷினைக் கொண்டு வரலாமே? (வாலிநோக்கம்)

ஆசைதான் எனக்கும். ஆனா கருவுல ஆணா பொண்ணான்னு பாக்குறதைத் தடுக்க 1994-ல வந்த சட்டப்படி மெஷின் பதிவு பண்ணின இடத்துலதான் இருக்கணும், இஷ்டத்துக்கு வண்டில ஏத்த முடியாது. முகாம்ல கையை அமுக்கிப் பாத்தே பாதி கண்டுபிடிச்சுரலாம்.

நான் மூணு மாச கர்ப்பம், கை ஸ்கேன் எடுக்கலாமா? (பாம்பன்)

தாராளமா எடுக்கலாம் தங்கச்சி, கதிர்வீச்சே கிடையாது. ஆனா சரவாங்கிக்குக் குடுக்கிற மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருந்தா இதைப் படிச்ச நிமிஷமே நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க.

ஸ்கேன் சுத்தமாயிருச்சு, மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்திரலாமா? மாசாமாசம் ஸ்கேன் எடுக்கணுமா? (தேவிபட்டினம்)

ரெண்டுக்கும் வேண்டாம். மருந்து வேலை செய்யுறதாலதான் சுத்தமா இருக்கு, குறைக்கிறதை டாக்டர் முடிவு பண்ணட்டும். ஸ்கேனைப் பாத்துப் பாத்து மருந்தைக் கூட்டினா கூடுதல் பலன் உண்டான்னு நார்வேலயும் ஸ்காட்லாந்துலயும் சோதிச்சாங்க, 2016-ல முடிவு வந்துச்சு, கையால தொட்டுப் பாத்து மருந்து குடுத்ததை விட பெருசா ஒண்ணும் ஜாஸ்தி இல்ல. வீக்கம் இருக்கா இல்லையான்னு சந்தேகம் வர்றப்ப எடுத்தா போதும். இன்னொண்ணு, எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு அலுக்காது, மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான், தினம் சாப்பிட்டா ரத்த அணு குறைஞ்சு உயிர் போயிரும். எந்த கிழமைன்னு அட்டை மேலயே எழுதி வச்சுக்குங்க.