சிமென்ட் வைக்காத இடுப்பு மூட்டு பத்து வருடம் தாங்குமா?

உங்கள் அப்பாவுக்கு 58 வயது, சிமென்ட் இல்லாத மூட்டு வைக்கலாம் என்று டாக்டர் சொல்கிறார், பத்து வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாங்கும். 1986-இல் பிரான்சில் வந்த கொரைல் என்ற தண்டையே பாருங்கள். தண்டு என்பது தொடை எலும்புக்குள் இறக்கும் உலோகப் பகுதி. நார்வே தேசியப் பதிவேட்டின்படி 15 வருடம் கழித்தும் 100-க்கு 97 தண்டுகளை மாற்ற வேண்டி வரவில்லை. ஆனால் இது தண்டின் கணக்கு மட்டும். இடுப்பெலும்புக் குழியில் பொருத்தும் கிண்ணத்தின் கதை வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

சிமென்ட் என்ற பசை இல்லாமல் எப்படி நிற்கிறது? முதலில் இறுக்கம், பிறகு எலும்பு. 54 மி.மீ. கிண்ணம் வைக்கக் குழியை 53 அல்லது 52 வரைதான் கடைவார்கள். அடித்து இறக்கும்போது எலும்பே கவ்விக்கொள்ளும். தொடை எலும்புக்குள் சின்ன பிராச்சில் (தண்டின் வடிவில் எலும்பைக் குடையும் அரம்) தொடங்கி ஒவ்வொரு அளவாக ஏற்றுவார்கள். சுத்தியல் சத்தம் மாறி, எத்தனை அடித்தாலும் உள்ளே போகாமல் நின்றால் அதுதான் சரியான அளவு. ஓர் அளவு குறைந்தால் தண்டு பின்னால் கீழே இறங்கும். ஓர் அளவு கூடினால் ஆபரேஷன் மேஜையிலேயே எலும்பு விரிசல் விடலாம்.

தண்டுக்கும் எலும்புக்கும் நடுவே அசைவு சுமார் 50 மைக்ரானுக்குள் (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.) இருந்தால் எலும்பு பிடித்து வளரும். 150-ஐத் தாண்டினால் வளர்வது நார்த்திசு, அது பாரம் தாங்காது. பிடிப்பு உறுதியாக 6 முதல் 12 வாரம் ஆகும். அதனால் பத்தாம் வருடத்து எக்ஸ்ரேயின் பாதி, முதல் மூன்று மாதத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது என்பேன். தண்டு ஓரிரு மி.மீ. இறங்கி நின்றுவிட்டால் பயமில்லை. ஒவ்வொரு எக்ஸ்ரேயிலும் இன்னும் கொஞ்சம் இறங்கினால்தான் கவலை. உட்கார்ந்து எழுந்து முதல் நாலு அடி வைக்கும்போது மட்டும் தொடையில் வலித்தால் தண்டு பிடிக்கவில்லையோ என்று சந்தேகிக்க வேண்டும். கவட்டையில் வலித்தால் கிண்ணத்தைப் பார்க்க வேண்டும்.

இப்போது கிண்ணம். 80, 90-களில் வைத்தவற்றில் உலோகம் எலும்போடு நன்றாகவே பிடித்திருந்தது. உள்ளே இருந்த பாலிஎத்திலீன் லைனர், அதாவது பிளாஸ்டிக் உள்ளுறைதான் தேய்ந்தது. அந்தத் துகள்கள் கிண்ணத்துக்குப் பின்னால் எலும்பை அரித்தன, அதுவும் வலியே இல்லாமல். தேய்மானம் வருடத்துக்கு 0.1 மி.மீ.யைத் தாண்டினால் இந்த அரிப்பு அதிகமாகிறது. மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைத்த இப்போதைய கிராஸ்லிங்க்ட் பாலிஎத்திலீனில் தேய்மானம் மிகவும் குறைவு. எந்த லைனர் வைக்கப் போகிறார்கள் என்று அவசியம் கேளுங்கள். வலி இல்லாவிட்டாலும் சில வருடங்களுக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுங்கள்.

இதே பதிலை 80 வயதுப் பாட்டிக்குச் சொல்ல மாட்டேன். எலும்பு மெலிந்து, தொடை எலும்பின் உட்குழல் அகன்று போயிருந்தால் தண்டைச் சுற்றி எலும்பு முறிவதுதான் பெரிய ஆபத்து. இடுப்பு முறிந்த 60 வயதைக் கடந்தவர்களுக்குப் பாதி மூட்டு (கிண்ணம் இல்லாமல் தொடை எலும்புப் பக்கம்) மட்டும் மாற்றி பிரிட்டனில் நடத்திய, 2022-இல் வெளியான ஆய்வில் அப்படி முறிந்தது சிமென்ட் இல்லாதவர்களில் 2.1 சதவீதம், சிமென்ட் வைத்தவர்களில் 0.5 சதவீதம். அவர்களுக்குச் சிமென்ட்தான் நல்லது.

ஆபரேஷன் குறிப்பில் ஒட்டும் இம்பிளான்ட் ஸ்டிக்கர்களைப் போட்டோ எடுத்து வையுங்கள். பின்னாளில் லைனரை மட்டும் மாற்ற நேர்ந்தால், கிண்ணத்தின் கம்பெனியும் அளவும் தெரிந்தால்தான் பொருந்தும் லைனரை வரவழைக்க முடியும்.