மூன்று முறை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை

கேள்வி: மாதவரத்தில் நாலு ஜெர்சி கலப்பின மாடு வைத்திருக்கிறேன். ஒன்றுக்கு மூன்று தடவை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. 21 நாளில் மறுபடி சினைப் பருவத்துக்கு வந்து கத்துகிறது. விந்து அடைத்து வரும் அந்த மெல்லிய குழாய்க் குச்சியில் இருப்பது முட்டையும் தண்ணீரும்தான், காளைக்கு விடு என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். நிஜமா?

பதில்: முட்டை கலப்பது நிஜம்தான் அம்மா. அதனால் சினை பிடிக்காது என்பதுதான் பொய்.

உங்களுக்குப் பக்கத்தில், செங்குன்றத்தை அடுத்த அலமாதியிலேயே காளை விந்தை உறைய வைத்துக் குச்சியில் அடைக்கும் உறைவிந்து நிலையம் இருக்கிறது. காளை ஒரு தடவை விடுவது ஐந்தாறு மில்லிதான். ஆனால் மில்லிக்குச் சுமார் 100 கோடி விந்து உயிரணு. ஒரு குச்சிக்கு 2 கோடி போதும். அதனால் மஞ்சள் கரு, கிளிசரால், சர்க்கரை, ஆன்டிபயாட்டிக் சேர்ந்த கரைசலில் கலந்து, கால் மில்லிக் குச்சிகளில் அடைக்கிறார்கள். திடீர்க் குளிர்ச்சியை உயிரணு தாங்க மஞ்சள் கரு. உள்ளே பனி கட்டிக் கிழிக்காமலிருக்க கிளிசரால். சில மணி நேரம் 4 டிகிரியில் வைத்துவிட்டு, கடைசியில் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் போடுவார்கள். மாதிரிக் குச்சியை உருக்கிப் பார்த்து, பாதி உயிரணுவாவது நீந்தினால்தான் அந்தத் தொகுதி வெளியே வரும்.

என் சந்தேகமெல்லாம் உங்கள் கொட்டகையில் நடக்கும் கடைசிப் பத்து நிமிடத்தின் மேல்தான். அடுத்த தடவை பக்கத்தில் நின்று பாருங்கள். நைட்ரஜன் கேனிலிருந்து இடுக்கியால் எடுத்த குச்சி உடனே 37 டிகிரி தண்ணீரில் 30 வினாடி கிடக்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாமல் ஆகாது. மே மாதம் நம் மொட்டைமாடி டேங்க் தண்ணீர் கையைச் சுடும், மார்கழியில் அதே குழாய்த் தண்ணீர் சில்லென்று இருக்கும். உள்ளங்கையில் உருட்டி உருக்குகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். உருகிய குச்சியை ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் உயிரணு உப்பிச் செத்துவிடும். கால் மணிக்குள் போட்டுவிட வேண்டும். எங்கோ உருக்கிச் சட்டைப் பையில் கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கோபித்தால் கோபித்துக்கொள்ளட்டும்.

காலையில் கத்தினால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் என்றால் மறுநாள் காலை. அப்போது மாட்டின் அறையிலிருந்து வடியும் வழும்பு கண்ணாடி மாதிரி தெளிவாக வர வேண்டும். கலங்கியோ சீழாகவோ வந்தால் ஊசியே போடாதீர்கள். காளைக்கு விடுவதும் வேண்டாம், கருச்சிதைவு நோய் ஒட்டிக்கொள்ளும்.

மூன்று தடவை தவறிய மாட்டின் கருப்பையை ஒருமுறை பார்த்துவிடுவதுதான் சரி. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போங்கள். போட்டு முடித்த குச்சியைத் தூக்கி எறியாதீர்கள். காளையின் எண்ணும் தேதியும் அதில் அச்சாகியிருக்கும், அதைக் குறித்துக் கையோடு எடுத்துப் போங்கள்.