இருசக்கரக் கேள்வி பதில்: குரூசரில் எதை மாட்டலாம், எதை விட்டுவிடலாம்?

சிங்கப்பூரில் குரூசர், அதாவது தாழ்ந்த இருக்கையில் சாவகாசமாக உட்கார்ந்து ஓட்டும் மோட்டார் சைக்கிள், வைத்திருப்பவர்களிடமிருந்து இந்த மாதம் நிறையக் கடிதங்கள். எல்லாருக்கும் வண்டியில் ஏதாவது ஒன்றை மாட்ட வேண்டும். சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அண்ணே, 400 சிசி வரை ஓட்டுவதற்கான 2ஏ உரிமம் எடுத்த கையோடு புது ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350 எடுத்தேன். வண்டி நன்றாக இருக்கிறது, சத்தம்தான் பத்தவில்லை. வேறு சைலன்சர் போட்டுக்கொள், ஆய்வுக்குப் போகும்போது மட்டும் பழையதை மாட்டிக்கொள் என்கிறான் நண்பன். செய்யலாமா?
– ஈசூன் வாசகர்

தம்பி, உங்கள் நண்பர் சொல்வது எல்லாருக்கும் தெரிந்த தந்திரம், எல்டிஏ எனும் நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கும் தெரியும். புது மோட்டார் சைக்கிளுக்கு முதல் மூன்று ஆண்டுகள் ஆய்வே கிடையாது, அதற்குப் பிறகுதான் ஆண்டுக்கு ஒரு முறை, அதனால் ஆய்வு நிலையத்தை ஏமாற்றுவது பெரிய காரியமே இல்லை. ஆனால் போக்குவரத்துப் போலிசும் எல்டிஏவும் சாலையோரத்திலேயே நிறுத்திப் பார்க்கிறார்களே, அங்கே பழைய சைலன்சர் வீட்டில் இருக்கிறது என்று சொல்லி என்ன பயன்? அனுமதியில்லாத மாற்றத்துக்கு முதல் முறை 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் இரட்டிப்பு. மாட்டிக்கொடுத்த பட்டறையும் தப்ப முடியாது, அதனால்தான் நல்ல பட்டறைக்காரர்கள் இந்த வேலையைத் தொடமாட்டார்கள்.

முறையான வழி இருக்கிறது. 'எல்டிஏ அப்ரூவ்டு' என்று சொல்லி விற்கும் சைலன்சர்களுக்குச் சான்றிதழ் உண்டு. அந்தத் தாளில் உங்கள் வண்டியின் மாடல் இருக்கிறதா, சைலன்சரில் பொறித்திருக்கும் எண்ணும் தாளில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று காசு கொடுப்பதற்கு முன்பே பாருங்கள். வேறு மாடலுக்கு வாங்கிய ஒப்புதல் உங்களுக்கு உதவாது. அப்புறம், உள்ளே சத்தத்தைக் குறைக்க ஒரு சிறு குழாய் வைத்திருப்பார்கள், அதைக் கழற்றினால் ஒப்புதலும் அதோடு போய்விடும்.

இதெல்லாம் சட்டம். என் கருத்தைக் கேட்டால், இந்த வண்டிக்குச் சைலன்சர் மாற்றுவது காசுக்குக் கேடு. சென்னையில் செய்யும் இந்த 349 சிசி ஒற்றை சிலிண்டர் இஞ்சினில் சிலிண்டரின் குறுக்களவு 72 மிமீ, பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 85.8 மிமீ. இப்படி நீளமாக ஓடும் பிஸ்டன் குறைந்த வேகத்திலேயே இழுவை கொடுக்கத்தான். மொத்தச் சக்தியே 20 குதிரைத்திறன் சொச்சம், சைலன்சரை மட்டும் மாற்றி அதில் நீங்கள் உணரும்படி எதையும் கூட்டிவிட முடியாது. சைலன்சர் குழாயின் மூட்டில் கசிவைத் தடுக்க இருக்கும் கேஸ்கெட் சரியாக உட்காரவில்லையென்றால் வெளிக்காற்று உள்ளே போய், ஆக்ஸிலேட்டரை விடும்போதெல்லாம் பட் பட்டென்று வெடிக்கும், அதைப் பந்தய வண்டிச் சத்தம் என்று பெருமையாகச் சொல்லித் திரிபவர்களும் இருக்கிறார்கள். காலை 5 மணிக்கு வேலைக்குக் கிளம்பும்போது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்தில் அந்தச் சத்தம் எப்படி எதிரொலிக்கும் என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

வணக்கம் ஐயா. என் உயரம் 155 செ.மீ., ஹோண்டா ரெபெல் 500 ஓட்டுகிறேன். ஒரு மணி நேரம் ஓட்டினாலே இடுப்புக்குக் கீழே வலிக்கிறது, தோளும் இறுகிவிடுகிறது. காலை முன்னால் நீட்டி வைக்கும் ஃபார்வர்டு கன்ட்ரோல் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். விலையைக் கேட்டுத்தான் தயங்குகிறேன்.
– புங்கோல் வாசகி

நல்லவேளை தயங்கினீர்கள் அம்மா. வேண்டாம்.

காலை முன்னால் நீட்டி உட்காரும்போது பாதத்தில் இறங்க வேண்டிய எடையெல்லாம் முதுகெலும்பின் அடியில் போய் இறங்கும், அதாவது இப்போது வலிக்கும் அதே இடத்தில். குழியோ மேடோ வந்தால் கால் வைக்கும் பெக்கில் ஊன்றி லேசாக எழுந்துகொள்ளவும் முடியாது. ஆறடி ஆளுக்கு அது சுகமாக இருக்கலாம், ஏனென்றால் அவருக்கு முழங்கால் இடிக்கிறது; உங்களுக்குப் பெக் எட்டுவதே பாடாகிவிடும். படங்களில் பார்க்க அழகாக இருக்கும், மறுக்கவில்லை.

உங்கள் சிக்கல் காலில் இல்லை, கையில் என்று நினைக்கிறேன். ரெபெலின் இருக்கை 690 மிமீ உயரம்தான், உங்கள் பாதம் தரையில் நன்றாகப் பதியும். ஆனால் ஹேண்டில்பார் தள்ளி இருப்பதால் கையை நீட்டிப் பிடிக்கிறீர்கள், தோள் முன்னால் போகிறது, கீழ்முதுகு வளைகிறது, கடைசியில் வலி இருக்கையில் வந்து சேர்கிறது. ஹேண்டில்பாரை உங்கள் பக்கம் பின்னுக்கும் கொஞ்சம் மேலுக்கும் கொண்டுவரும் ரைசர் கிடைக்கிறது, அதை முதலில் பாருங்கள். வாங்குமுன் ஹேண்டில்பாரின் தடிமனை அளந்துகொள்ளுங்கள். ஜப்பானிய வண்டிகளில் பெரும்பாலும் 22 மிமீ, ஹார்லியில் வழக்கமாக 25.4 மிமீ, ஒன்றுக்குச் செய்தது மற்றொன்றில் உட்காராது.

ரைசரை மாட்டி முடித்ததும் பட்டறையை விட்டு வெளியே வருவதற்குள் ஒரு சோதனை செய்யுங்கள். இஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டிலை இடது கோடியிலிருந்து வலது கோடிவரை மெதுவாகத் திருப்புங்கள். திருப்பும்போது இஞ்சின் வேகம் தானாகக் கூடினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம், அப்படியே வெளியே எடுத்துப்போனால் யூ-டர்ன் போடும்போது வண்டி தானாகப் பாயும். கிளட்ச் கேபிளையும் முன் பிரேக் குழாயையும் அதேபோல் கவனியுங்கள், இரு கோடியிலும் கொஞ்சம் தொய்வு இருக்க வேண்டும். நீளமான பிரேக் குழாய் போட நேர்ந்தால் பிரேக் எண்ணெயை மாற்றிக் காற்றெடுக்க வேண்டும், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் அதை அனுபவசாலியிடம்தான் விட வேண்டும். ஹேண்டில்பாரில் ஓபியூ, அதாவது சாலைக் கட்டணம் கழிக்கும் கருவி, உட்கார்ந்திருக்கிறதே, அதை நீங்களாகக் கழற்றி இடம் மாற்றாதீர்கள், அங்கீகாரம் பெற்ற பட்டறையில் செய்துகொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வலித்தால் இருக்கை. ஜெல் வைத்த உறைகள் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் மதிய வெயிலில் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தால் தோசைக்கல் மாதிரி சுடும், ஒரு துணி மூடி வைத்துக்கொள்ளுங்கள். இருக்கையைப் பிரித்து உள்ளே ஃபோமை உங்கள் உடம்புக்கு ஏற்றபடி செதுக்கிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், நான் அதைத்தான் சொல்வேன். பின் ஷாக் அப்சார்பரின் பிரிலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைத்திருக்கும் அளவை) ஒரு படி குறைத்துப் பார்ப்பதற்குக் காசே தேவையில்லை, எடை குறைந்தவர்களுக்கு அது உடனே தெரியும். உண்மையில் அதை முதலில் செய்யுங்கள்.

சூப்பர் மீட்டியார் 650 வைத்திருக்கிறேன். மனைவியோடு பினாங்குவரை போகத் திட்டம். தோல் பையா, கெட்டிப் பெட்டியா?
– ஜூரோங் வாசகர்

தோல் பை குரூசருக்குப் பொருத்தமான அழகுதான். நம் ஊர் ஈரத்தில் இரண்டு மாதம் எண்ணெய் தடவாமல் விட்டால் பூஞ்சை பிடிக்கும், மலேசியாவின் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஒரு மழை அடித்தால் உள்ளே இருக்கும் துணி நனையும். தோல்தான் வேண்டும் என்றால் உள்ளுக்கு மழைப்பை வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பையானாலும் பக்கவாட்டுத் தாங்கிக் கம்பி இல்லாமல் தொங்கவிடாதீர்கள். பை உள்ளே ஊசலாடிச் சக்கரத்தில் உரசினால் அதோடு பயணம் முடிந்தது. உங்கள் வண்டியில் இரண்டு பக்கமும் சைலன்சர் இருப்பதால் பையின் அடிப்பகுதி சூட்டில் கருகாமல் இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள். தூரப் பயணத்துக்கு நான் கெட்டிப் பெட்டிக்குத்தான் ஓட்டுப் போடுவேன், பூட்டும் இருக்கிறது.

கனமான சாமானைக் கீழேயும் முன்பக்கம் ஒட்டியும் வையுங்கள். பின் அச்சுக்கும் பின்னால் டாப் பாக்ஸ் மாட்டி அதில் கருவிப்பெட்டியையும் தண்ணீரையும் அடைத்தால் முன்சக்கரம் லேசாகி 110 கி.மீ. வேகத்தில் ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும். வண்டி மட்டுமே 241 கிலோ. அதன்மேல் நீங்கள், மனைவி, பெட்டிகள், அதன் உள்ளே இருப்பவை என எல்லாவற்றையும் கூட்டி, கையேட்டில் சொன்ன அளவுக்குள் வருகிறதா என்று ஒரு முறை கணக்குப் போடுங்கள். மனைவிக்கு முதுகு சாய ஒரு பேக்ரெஸ்ட் போட்டுவிடுங்கள், அது இல்லாமல் பினாங்கு போய்த் திரும்பினால் அடுத்த பயணத்துக்கு வரமாட்டார். பெட்டிகளை மாட்டியபின் மொத்த அகலத்தை அளந்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியின் மோட்டார் சைக்கிள் தடத்தில் பக்கத்து வண்டிக்காரர் உங்கள் பெட்டியில் முட்டியை இடித்துக்கொள்ளாமல் இருப்பார்.

முன்னால் இரண்டு கூடுதல் விளக்கு, இஞ்சினுக்கு அடியில் நீல வெளிச்சம், பின்னால் மின்னும் பிரேக் விளக்கு. மூன்றும் போட எவ்வளவு ஆகும்?
– பிடோக் வாசகர்

பின்னிரண்டையும் மறந்துவிடுங்கள், அலங்கார விளக்கும் மின்னும் பிரேக் விளக்கும் இங்கே செல்லாது. ஹெட்லைட்டில் எச்ஐடி எனும் அதிக வெளிச்ச வாயு பல்ப் போடும் யோசனை அடுத்து வரும் என்று தெரிகிறது, அதற்கும் அனுமதி இல்லை. கூடுதல் விளக்கு வாங்குமுன் எல்டிஏவின் ஒன்மோட்டரிங் தளத்தில் மாற்றங்களுக்கான பட்டியலைப் படியுங்கள். பழைய பாணி 55 வாட் பல்ப் இரண்டு என்றால் 12 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும், சின்ன பேட்டரிக்கு அது பெரிய சுமை, ரிலேயும் (பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் தனி சுவிட்ச்) ஃபியூஸும் இல்லாமல் நேராக இழுத்தால் வயர் உருகும். தெருவிளக்கு இல்லாத சாலை இந்தத் தீவில் எங்கே இருக்கிறது என்ற கேள்வியும் எனக்கு உண்டு.

டேங்கின் நிறத்தை மாற்றினால் யாரிடமாவது சொல்ல வேண்டுமா?
– தெம்பனிஸ் வாசகர்

ஆமாம். வண்டியின் பதிவில் நிறமும் இருக்கிறது, எல்டிஏவிடம் அதைப் புதுப்பிக்க வேண்டும்.

ஜோகூர் பாருவில் க்ராஷ் கார்டும் (வண்டி விழுந்தால் இஞ்சினைக் காக்கும் இரும்புக் கம்பி) விண்ட்ஷீல்டும் பாதி விலைக்குக் கிடைக்கிறதாம். இணையத்திலும் மலிவு. எங்கே வாங்கலாம்?
– சுவா சூ காங் வாசகர்

விலையை முழுதாகக் கூட்டிப் பாருங்கள். 48 மணி நேரத்துக்குள் போய்த் திரும்பினால் 100 வெள்ளிவரையிலான பொருளுக்குத்தான் பொருள் சேவை வரிச் சலுகை, அதற்கு மேல் தங்கினால் 500. மிஞ்சுவதற்கு 9 விழுக்காடு கட்ட வேண்டும், நீங்களாகவே அறிவிக்க வேண்டும். இணையத்தில் வாங்குவதற்கும் வரி உண்டு, 2023 முதல் 400 வெள்ளிக்குக் கீழ் உள்ளவற்றுக்கும் பெரிய தளங்கள் வசூலிக்கின்றன. கனமான இரும்புக்கு அஞ்சல் செலவு தனி.

விண்ட்ஷீல்டை எங்கே வேண்டுமானாலும் வாங்குங்கள், உயரம் மட்டும் சரியாக இருக்கட்டும், நீங்கள் அதன் விளிம்புக்கு மேலாகப் பார்க்க வேண்டும், அதன் ஊடாக அல்ல. மழையில் வித்தியாசம் தெரியும். க்ராஷ் கார்டில் கஞ்சத்தனம் வேண்டாம். அது இஞ்சினைத் தாங்கும் போல்ட்களில் மாட்டுவது, துளை ஒரு மிமீ தள்ளியிருந்தாலும் இழுத்து முறுக்குவார்கள், அந்த இழுப்பு இஞ்சினில் தங்கிவிடும். வெல்டிங் செய்த மூட்டுகளை விரலால் தடவிப் பாருங்கள், குரோம் பூச்சு அங்கேதான் முதலில் விட்டுப்போய்த் துரு ஏறும். போல்ட்டை டார்க் ரெஞ்சில், அதாவது முறுக்கும் இறுக்கத்தை அளந்து காட்டும் ரெஞ்சில், முறுக்கச் சொல்லுங்கள், 500 கி.மீ. ஓடியபின் மறுபடி ஒரு முறை பாருங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் என்னென்ன மாட்டியிருக்கிறீர்கள் என்று எழுதி அனுப்பிவிடுங்கள். கழற்றிய கம்பெனி பாகங்களைத் தூக்கிப்போடாதீர்கள், போல்ட்டோடு சேர்த்துப் பையில் கட்டி எதற்கானது என்று மேலே எழுதி வையுங்கள், வண்டியை விற்கும்போது வாங்குபவர் முதலில் அதைத்தான் கேட்பார்.