பத்து நிமிடத்தில் ஒரு திருடன்

அன்புள்ள ஐயா,

அலுவலக நண்பர்களோடு வெள்ளிக்கிழமை இரவுகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதை நடத்தும் ஆட்டம்) ஆட ஆரம்பித்திருக்கிறேன். 2024 விதிகள். ஆட்டத்தை நடத்தும் டி.எம். ஒரு லிங்க் அனுப்பி, ஆட்டத்துக்கான டி அண்ட் டி பியாண்ட் தளத்தில் கேரக்டர் செய்துகொண்டு வரச் சொன்னார். இலவசக் கணக்குதான். பத்து நிமிடத்தில் ஒரு ரோக், அதாவது திருடி, தயார். டெக்ஸ்டெரிட்டி, அதாவது சுறுசுறுப்பு, கூடும் என்பதால் பேக்கிரவுண்டுக்கு, அதாவது பழைய வாழ்க்கைக்கு, கிரிமினல் போட்டேன். ஆனால் ஆட உட்கார்ந்தால் கேரக்டரின் எண்களைக் காட்டும் ஷீட்டில் இருக்கும் எதுவும் புரியவில்லை. ஆர்மர் கிளாஸ் (எதிரியின் அடி படுவதற்கு எட்ட வேண்டிய எண்) என்ன என்று கேட்டால் திரையைப் பார்த்து 14 என்கிறேன், ஏன் 14 என்று தெரியாது. ரொம்ப நாளாக ஆடும் ஒருவர், ஆப்பே கூடாது, பேப்பரில் எழுதினால்தான் கேரக்டர் உன்னுடையது என்கிறார். இன்னொருவர், சந்தா கட்டிவிடு, இல்லையென்றால் ஆறு கேரக்டருக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இனியா, கோவை

அன்புள்ள இனியா,

சந்தாக்காரரை முதலில் அனுப்பிவிடுவோம். நீங்கள் ஆடுவது ஒரே ஒரு ரோக். ஆறு இடம் காலியாகவே கிடக்கும். குழுவில் யாராவது ஒருவர் மாஸ்டர் சந்தா வைத்திருந்தால், அவர் அங்கே வாங்கிய புத்தகங்களை எல்லோரோடும் பகிர முடியும். அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள், பணத்தை அப்புறம் எடுக்கலாம்.

இப்போது அந்த 14. லெதர் ஆர்மருக்கு 11. அதோடு டெக்ஸ்டெரிட்டி மாடிஃபையர், அதாவது டெக்ஸ்டெரிட்டியிலிருந்து வரும் கூட்டல். ஆறு குணங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் எண்களில் 15ஐ டெக்ஸ்டெரிட்டிக்குக் கொடுத்து, பேக்கிரவுண்டில் 2 கூட்டியிருப்பீர்கள், ஆக 17. அதில் 10ஐக் கழித்து, மிச்சத்தைப் பாதியாக்கி, பின்னத்தை விட்டுவிட்டால் 3. பதினொன்றும் மூன்றும் பதினான்கு, அவ்வளவுதான். அதே 3தான் ஷார்ட்ஸ்வோர்டிலும் உட்கார்ந்திருக்கிறது: 3, முதல் லெவலின் ப்ரொஃபிஷியன்ஸி (பயிற்சிக்கான கூட்டல்) 2, சேர்த்து, அடிக்கப் பகடை உருட்டும்போது +5. ஸ்டெல்த்தில், அதாவது பதுங்கி நடப்பதில், எக்ஸ்பர்ட்டீஸ் எடுத்திருந்தால் அந்த 2 இரட்டிப்பாகி +7. ஒரே எண் ஷீட் முழுக்க ஓடுவதைப் பார்த்துவிட்டால் பாதி ஷீட் விளங்கிவிடும். அடுத்த வெள்ளிக்குள் ஒரு வெற்று ஷீட்டை அச்செடுத்து, ஆப்பை மூடிவிட்டு, கையால் ஒருமுறை நிரப்பிப் பாருங்கள். ஒருமுறை போதும். அதற்கு மேல் கணக்குப் போடுவதில் புண்ணியம் ஒன்றும் இல்லை. நான்காவது லெவலில் டெக்ஸ்டெரிட்டியை உயர்த்தும்போது எங்கெங்கே மாற்ற வேண்டும் என்று தேடுவதற்கு ஆப்தான் சரி. பாத்ஃபைண்டர் என்ற இதே மாதிரி ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பில் லெவலுக்கு லெவல் பொறுக்க வேண்டிய ஃபீட்களை, அதாவது தனித்திறன்களை, பார்த்தால், அதற்கான பாத்பில்டர் ஆப் இல்லாமல் நான் உட்காரவே மாட்டேன்.

ஆகவே பேப்பர்காரர் சொல்வதில் பாதி எனக்கு ஒப்பு. எழுதுவதாலேயே கேரக்டர் சொந்தமாகிவிடாது. யார் எந்த வரிசையில் கேள்வி கேட்கிறார்கள் என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட முதல் விதிகளில், நடுவர் மூன்று பகடைகளை உருட்டி ஆறு எண்களையும் வரிசையாகச் சொல்வார். அதைக் கேட்ட பிறகுதான் சண்டைக்காரனா, மந்திரவாதியா, மதகுருவா என்று ஆடுபவர் முடிவு செய்வார். விழுந்ததை வைத்துப் பிழைக்க வேண்டும். 2014 விதிப் புத்தகம் முதலில் இனத்தைக் கேட்டது, பிறகு கிளாஸ், அதாவது தொழில். 2024 புத்தகம் கிளாஸில் தொடங்குகிறது. எண்களைக் கூட்டித் தரும் வேலையையும் இனத்திடமிருந்து பேக்கிரவுண்டுக்கு மாற்றிவிட்டது. அதனால் பழைய வாழ்க்கை என்ன என்ற கேள்வியே எந்த எண் கூடும் என்ற கேள்வியாகிவிடுகிறது. நீங்கள் கிரிமினல் போட்டது அப்படித்தான். தப்பில்லை, ஆனால் திருடிக்குக் குற்றப் பின்னணி என்பதில் கதை எங்கே இருக்கிறது?

இதில் ஆப்பின் பங்கு ஒன்று உண்டு, அதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். 2024 புத்தகத்தில் 16 பேக்கிரவுண்டுகள். அவற்றில் இலவசமாகக் கிடைப்பவை நான்கு: அகோலைட், கிரிமினல், சேஜ், சோல்ஜர். டெக்ஸ்டெரிட்டி கூட்டுபவை அதில் இரண்டே. ஜவுளிக்கடையில் விரித்துப் போட்ட நாலு புடவையில் ஒன்றை எடுத்துவிட்டு, நானே தேர்ந்தெடுத்தேன் என்று சொல்வதுபோலத்தான். மேலே அடுக்கில் ஸ்க்ரைப் இருந்தது: டெக்ஸ்டெரிட்டி, இன்டெலிஜென்ஸ், விஸ்டம். பத்திரம் நகலெடுத்தே வயிறு வளர்த்த ஒருத்தி, யாருடைய முத்திரை எப்படி இருக்கும் என்று தெரிந்தவள், ஒருநாள் ஒரு வரியை மாற்றி எழுதிவிட்டாள். கிரிமினலால் கான்ஸ்டிடியூஷனுக்கு, அதாவது உடல் உறுதிக்கு, கிடைத்த புள்ளி கைவிட்டுப் போகும், முதல் லெவலில் ஹிட் பாயிண்டில், அதாவது உயிர்க் கணக்கில், நஷ்டம் மிஞ்சினால் ஒன்று. அந்தப் பெண்ணுக்காக நான் தாராளமாகக் கொடுப்பேன்.

முன்பெல்லாம் வேண்டிய ஒரு பகுதியை மட்டும் அந்தத் தளத்தில் சில்லறையாக வாங்கலாம். 2024இல் அதை நிறுத்திவிட்டு, முழுப் புத்தகம்தான் என்றார்கள். 2017இல் வேறொரு நிறுவனம் தொடங்கிய தளம் அது. 2022இல் ஆட்டத்தின் உரிமையாளரான ஹாஸ்ப்ரோ 14 கோடியே 63 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. போட்ட பணத்தை எடுக்கத்தானே பார்ப்பார்கள்.

அங்கே வைத்திருப்பது நிலைக்கும் என்றும் நம்ப வேண்டாம். டி அண்ட் டியின் நான்காம் பதிப்புக்கு கேரக்டர் பில்டர் என்று கேரக்டர் செய்யும் மென்பொருள் ஒன்று இருந்தது, கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். 2010இல் அதை இணையத்துக்கு, மைக்ரோசாஃப்டின் சில்வர்லைட்டுக்கு மாற்றினார்கள். 2020 பிறந்தபோது கடையையே மூடினார்கள். கணக்கு அவ்வளவு சிக்கலான பதிப்பு அது, பில்டர் இல்லாமல் கேரக்டர் செய்யவே தெரியாத ஒரு கூட்டம் அதில் உருவாகியிருந்தது. 2024 ஆகஸ்டில் இன்னொரு கூத்து. ஷீட்களில் இருக்கும் பழைய ஸ்பெல்களும் மாயப் பொருட்களும் புது விதிக்கு மாறிவிடும், பழையது வேண்டுமானால் நீங்களே திரும்ப எழுதிக்கொள்ளுங்கள் என்று அறிவித்தார்கள். கிளம்பிய கூச்சலில் சில நாட்களிலேயே பின்வாங்கினார்கள். பாதி ஆட்டத்தில் இருந்தவர்களுக்கு வயிறு கலங்கியிருக்கும். லெவல் ஏறும்போதெல்லாம் ஷீட்டை பி.டி.எஃப். ஆக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், தளமே அந்த வசதி தருகிறது.

முதல் லெவலில்தானே இருக்கிறீர்கள், பேக்கிரவுண்டை மாற்றிக்கொள்கிறேன் என்றால் பெரும்பாலான டி.எம்.கள் விட்டுவிடுவார்கள். அடுத்து மூன்றாவது லெவலில் சப்கிளாஸ், அதாவது கிளாஸின் உட்பிரிவு, கேட்கும். இலவசக் கணக்கில் வருவது தீஃப் ஒன்றுதான். புத்தகத்தில் ஆர்க்கேன் ட்ரிக்ஸ்டர், அசாசின், சோல்நைஃப் மூன்றும் கூட இருக்கின்றன. டி.எம்.மிடம் புத்தகம் இருக்கும். இரண்டாவது லெவல் முடிவதற்குள் ஒரு வாரம் கடன் வாங்கிவிடுங்கள்.