கோட்டா என்று சொன்னது குற்றமா?

கேள்வி: ஏற்காட்டில் சிறிய இடம் ஒன்று வாங்கியிருக்கிறேன். பட்டா மாறுதலுக்காகக் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போனேன். மலையாளி என்ற மலைப் பழங்குடியைச் சேர்ந்த இளைஞர், என் மகன் வயதுதான் இருக்கும். 'என்னப்பா, எப்போது முடித்துத் தருவாய்?' என்று உரிமையோடு கேட்டேன். ஆவணம் குறைகிறது, எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார். மறுபடி போனபோதும் அதையே சொன்னதும், 'கோட்டா இல்லாவிட்டால் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பாயா?' என்று கோபத்தில் கேட்டுவிட்டேன். அறையில் பலர் இருந்தார்கள். இப்போது அந்த ஊர்ப் பழங்குடி மக்களின் தலைவரான ஊர்க்கவுண்டர்கூட என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் சொன்னது அவ்வளவு பெரிய குற்றமா? இனி என்ன செய்வது?
– ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்.

பதில்: பெரிய தவறு. கோபத்தில் வந்துவிட்டது என்ற சமாதானத்தை நான் ஏற்கவில்லை. இதே ஆவணக் குறைவுக்காகச் சேலத்தில் ஓர் அலுவலகம் உங்களைத் திருப்பி அனுப்பியிருந்தால், அங்கிருந்த அதிகாரியிடம் 'எந்த வழியில் வேலைக்கு வந்தாய்' என்று கேட்டிருப்பீர்களா? 'சார், என்ன குறைகிறது, எழுதித் தாருங்கள்' என்று பணிவாகக் கேட்டு வாங்கி வந்திருப்பீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறியதும் அந்தப் பணிவு எங்கே போயிற்று? உரிமையோடு பேசினேன் என்கிறீர்கள். முன்பின் தெரியாத ஓர் அரசு அலுவலரிடம் உங்களுக்கு என்ன உரிமை? அவர் உங்களை அதே உரிமையோடு 'என்னப்பா' என்று அழைத்திருந்தால் தாங்கியிருப்பீர்களா?

கோட்டா என்றீர்களே, அதன் கணக்கையும் பாருங்கள். தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீட்டில் பழங்குடியினருக்குக் கிடைப்பது 1 சதவீதம். நூற்றில் ஒரு வேலை. ஒதுக்கீடு என்று வந்தால், மாநிலத்தின் எல்லாப் பழங்குடிச் சமூகங்களும் அந்த ஒன்றுக்குத்தான் போட்டி போட வேண்டும். லட்சக்கணக்கானோர் எழுதும் குரூப் 4 தேர்வை அவரும் எழுதினார். அதற்கு முன்பு, தான் பழங்குடி என்பதை அரசிடம் அவர் நிரூபித்திருக்க வேண்டும். உங்களுக்கும் எனக்கும் வட்டாட்சியர் அலுவலகத்தோடு முடிகிற சாதிச் சான்றிதழ், பழங்குடியினர் என்றால் கோட்டாட்சியர் வரை போக வேண்டும். விசாரணை, மறுவிசாரணை என்று அலைந்து, படிப்பே தடைப்பட்டுப்போன பிள்ளைகள் உண்டு. வேலைக்கு வந்த பிறகும் அந்தச் சான்று மெய்தானா என்ற சரிபார்ப்பு தொடர்வதுண்டு. இத்தனையையும் தாண்டி வந்தவரிடம், பலர் பார்க்க, நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள்.

இது உங்கள் ஒருவருடைய குணம் என்று நான் நினைக்கவில்லை. 1820 வாக்கில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். பின்னர் எஸ்டேட்டுகள் பரவின. மலைக்காரர்களில் பலர் தங்கள் மலையிலேயே கூலிகளாக நின்றார்கள். அவர்களை 'வாடா, போடா' என்று ஏவிய பழக்கம் துரைகளோடு போய்விடவில்லை. கீழேயிருந்து போகிற நாமும் அதை எடுத்துக்கொண்டோம். கோடை விழாவுக்குப் போகிறவர், விடுதி கட்டுகிறவர், இடம் வாங்குகிறவர் எல்லோரிடமும் அது இருக்கிறது. மலைக்காரர் கூலியாக நின்றபோது அது யார் கண்ணிலும் படவில்லை. அவர் அலுவலராக மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்ததும்தான் நமக்கு உறுத்துகிறது.

சட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ பொதுமக்கள் பார்வையில் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதிப்பதைக் குற்றமாக்குகிறது. தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, அபராதம் வேறு. முன்ஜாமீன் கிடையாது என்றே சட்டத்தில் இருக்கிறது. உங்கள் பேச்சு அதில் வருமா என்பதை நீதிமன்றம்தான் சொல்ல முடியும். ஆனால் வழக்கு வருமா என்ற பயத்தில் மட்டும் இந்தக் கேள்வியை எழுதியிருந்தால், தயவுசெய்து என் பதிலை இன்னொரு முறை படியுங்கள்.

அந்த ஊர்க்கவுண்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழகப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரியவர்கள் மலையாளிகள். கேரளத்தவர்கள் அல்லர், தமிழ் பேசுகிறவர்கள். ஊர்க்கவுண்டரை முன்வைத்து, கூடி உட்கார்ந்து பேசி முடிவெடுப்பது அவர்களுடைய நெடுநாள் வழக்கம். 1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பழங்குடித் தலைவர் ஜெய்பால் சிங் முண்டா இதைத்தான் சொன்னார்: பழங்குடி மக்களுக்கு நீங்கள் ஜனநாயகம் கற்பிக்க முடியாது, அவர்களிடமிருந்துதான் நீங்கள் கற்க வேண்டும். ஆனால் அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணைப்படி பழங்குடிப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடம் எதுவும் தமிழ்நாட்டில் இல்லை. அதனால் பழங்குடிக் கிராம சபைகளுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டமும் இங்கே செல்லாது. சட்டமன்றத்தின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கென்று ஒதுக்கப்பட்டவை ஏற்காடு, சேந்தமங்கலம் என்ற இரண்டுதான். சட்டத்தில் ஊர்க்கவுண்டருக்கு இடம் இல்லை; ஊர் தருகிற மதிப்பு ஒன்றே அவருக்கு உள்ள அதிகாரம். தம் ஊர்ப் பிள்ளையைச் சபையில் அவமானப்படுத்தியவரிடம் அவர் முகம் திருப்பிக்கொண்டால், தம் கடமையைச் செய்தார் என்றே நான் சொல்வேன்.

பழங்குடி ஊராட்சித் தலைவர்களிடமும் இதே நடத்தைதான். பெண் தலைவராக இருந்தால், 'உங்கள் வீட்டுக்காரர் எங்கே' என்று கேட்டுக் கணவரிடம் மனுவை நீட்டுகிறார்கள். கையெழுத்து வேண்டுமென்றால் விடுதிக்கு வரச் சொல்லி ஆள் அனுப்புகிறார்கள். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியல் சாதிப் பெண் தலைவர் தரையில் உட்கார வைக்கப்பட்ட படத்தைப் பார்த்து நாம் எல்லோரும் கொதித்தோம். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை வார்த்தையால் தரையில் உட்கார வைப்பதும் அதே காரியம். பட்டியல் சாதி, பழங்குடி ஊராட்சித் தலைவர்களைக் கடமையைச் செய்யவிடாமல் மிரட்டுவதும் தடுப்பதும் அதே 1989 சட்டத்தில் குற்றம்தான்.

இனி என்ன செய்வது? முதலில் பட்டா வேலை எதுவும் கையில் இல்லாமல் ஒரு நாள் போங்கள். மனுவோடு சேர்த்துக் கேட்கும் மன்னிப்பு, வேலை முடிவதற்கான தந்திரமாகவே அவருக்குத் தெரியும். பலர் முன்னால் பேசினீர்கள் அல்லவா, வருத்தத்தையும் பலர் முன்னாலேயே சொல்லுங்கள். அவர் ஏற்றுக்கொள்ளாமல் போகலாம். புகார் கொடுக்கவும் செய்யலாம். இரண்டும் அவர் உரிமை. சால்வை, பழத்தட்டு எதுவும் வேண்டாம். ஊர்க்கவுண்டரிடம் முன்கூட்டித் தகவல் சொல்லி, அவருக்குச் சௌகரியமான நேரத்தில் அவர் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள்.

பட்டாவுக்கு வேறொரு நாள் போங்கள். கிரயப் பத்திரம், மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் முழுமையாக எடுத்துச் செல்லுங்கள். 'நீங்கள்' என்று பேசுங்கள், வயதைச் சொல்லித் தப்பிக்காதீர்கள். எல்லாம் சரியாக இருந்தும் மனு நகரவில்லை என்றால் வட்டாட்சியரிடம் எழுத்துமூலம் முறையிடுங்கள். தேதி, மனு எண், கொடுத்த ஆவணங்கள் ஆகியவற்றை அதில் எழுதுங்கள். அலுவலரின் சாதியைப் பற்றி ஒரு சொல்கூட அதில் இருக்கக் கூடாது.