பழைய பின்சுவரில் ஒட்டிப் புது அறை எடுக்கலாமா?

கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். 2006-இல் கட்டிய வீடு, கருங்கல் அஸ்திவாரம், செங்கல் சுவர். பின்பக்கம் 12-க்கு 14 அடியில் ஒரு படுக்கையறையும் கூடவே பாத்ரூமும் எடுக்க வேண்டும். பழைய பின்சுவரையே ஒரு பக்கமாக வைத்து மூன்று சுவர் எழுப்பினால் போதும், செலவு குறையும் என்று மேஸ்திரி சொல்கிறாராம். செய்யலாமா?

செய்யாதீர்கள். உங்கள் பழைய வீடு இத்தனை வருடத்தில் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கி நின்றிருக்கும். புது அறை இனிமேல்தான் இறங்கப் போகிறது. போதாததற்கு உங்கள் ஊரில் கரிசல் மண். மழைக்கு உப்பி, கோடையில் சுருங்கி வெடிக்கிற மண் என்பதால் வருடாவருடம் அஸ்திவாரத்தை அசைத்துக்கொண்டே இருக்கும். பழைய சுவரைக் கொத்திப் புதுச் செங்கலைச் செருகிக் கட்டினால் சேருகிற இடத்தில் மேலிருந்து கீழ்வரை விரிசல் விழும், எத்தனை முறை பூசினாலும் திரும்ப வரும். புதுத் தளத்தையும் அந்தச் சுவர்மேல் ஏற்றினால் இன்னும் ஆபத்து, அந்த அஸ்திவாரம் இந்த எடையைக் கணக்கில் வைத்துப் போட்டதல்ல.

புது அறை தன் சொந்தக் காலில் நிற்கட்டும். பழைய சுவரை ஒட்டி பூட்டிங் (தூணுக்கு அடியில் போடும் அகலமான கான்கிரீட் அடித்தளம்) போட்டால் கருங்கல் அஸ்திவாரத்தில் இடிக்கும், அதனால் அந்தப் பக்கத்துத் தூண்களை இரண்டு மூன்று அடி தள்ளி வைத்து, பீமையும் தளத்தையும் பழைய சுவர் பக்கமாக நீட்டிவிடச் சொல்லுங்கள். நடுவில் ஒரு அங்குலம் இடைவெளி விட்டு தெர்மாகோல் வைத்தால் போதும். கம்பிக் கணக்கை மேஸ்திரியிடம் விடாமல் ஒரு பொறியாளரிடம் எழுதி வாங்குங்கள்.

கரிசல் ஆழமாக இருந்தால் சாதாரண பூட்டிங்கை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மண்ணில் துளையிட்டு இறக்கும், அடியில் குமிழ்போல் விரியும் கான்கிரீட் தூணான அண்டர் ரீம்டு பைல் போடுவதுதான் நல்லது, பொதுவாக 3.5 மீட்டர் ஆழம் போவார்கள். மண் பரிசோதனை பார்த்து முடிவு செய்யலாம். பைல் மேல் ஓடும் பீம் கரிசலில் படக்கூடாது, அடியில் 3 அங்குலமாவது காலியாக இருக்க வேண்டும். அப்புறம், தோண்டிய கரிசலையே தரைக்கு நிரப்பிவிடுவார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள், கிராவல்தான் போட வேண்டும்.

பாத்ரூம்தான் எனக்குக் கவலை. குழாய் கசிந்து கரிசலில் தண்ணீர் இறங்கினால் அந்த மூலை மட்டும் உப்பித் தூக்கும். குழாயை மூடுவதற்கு முன் தண்ணீர் விட்டுச் சோதியுங்கள், செப்டிக் டேங்கை அஸ்திவாரத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

மொட்டைமாடியில், பழைய சுவருக்கும் புது அறைக்கும் நடுவில் விட்ட அந்த இடைவெளிக்கு இரண்டு பக்கமும் சின்னக் கட்டைச்சுவர் கட்டி, மேலே அலுமினியத் தகடு போட்டு, தகட்டை ஒரு பக்கம் மட்டும் திருகி மூட வேண்டும்; இரண்டு பக்கமும் திருகினால் கட்டடம் அசையும்போது பிய்ந்து மழைத்தண்ணீர் உள்ளே வரும். கதவு வாசலிலும் அப்படித்தான், ஒரே டைல்ஸ் பழைய தரையிலும் புதுத் தரையிலும் சேர்ந்து உட்காரக் கூடாது.

பஞ்சாயத்து அனுமதி வாங்கிக்கொண்டு பொங்கலுக்குப் பிறகு தோண்ட ஆரம்பியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் குழி திறந்து கிடந்தால் பழைய அஸ்திவாரத்தின் ஓரமும் சரியும்.